எங்கள் மருந்து அலுமாரியும் கரீபியன் தீவுகளும்

2022 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. சீனி வருத்தக் கிளினிக் நாள். காலை ஏழு மணிக்கே வாங்குகள் நிரம்பிவிட்டன. பெற்றோல் இல்லாத காலம், பாதிப் பேர் சைக்கிளிலும் நடையிலும் வந்திருந்தார்கள். யன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. எழுபது வயதிருக்கும். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். டொக்டர் எழுதியது நாலு மருந்து. என்னிடம் இருந்தது இரண்டு. அதிலும் மெட்போமின் ஒரு மாதத்துக்குப் பதிலாக இரண்டு கிழமைக்குத்தான். மற்ற இரண்டுக்கும் எதிரே சிவப்புப் பேனையால் 'ஓ.எஸ்.' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இது என்ன பிள்ளை, புது மருந்தோ?"

கையிருப்பில் இல்லை என்பதற்கு நாங்கள் எழுதும் இரண்டெழுத்து அது. விளங்கப்படுத்தினேன். வெளியில் வாங்கவேண்டும் அம்மா என்றேன். எவ்வளவு வரும் என்று கேட்டார். வெளிப் பாமசிகளில் அப்போது விலை கிழமைக்குக் கிழமை மாறிக்கொண்டிருந்தது. தெரியாது என்றேன்.

"விலை தெரியாம எப்பிடிப் பிள்ளை எழுதித் தாறியள்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் கொப்பியை மறுபடி பொலித்தீனில் சுற்றினார், இரண்டு தரம் மடித்து, கவனமாக.

வடக்கில் ஓர் ஆதார வைத்தியசாலையில் மருந்தாளராக இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. யுத்த காலத்துத் தட்டுப்பாடும் பார்த்தவள்தான். ஆனால் 2022 வேறு மாதிரி. யுத்தத்தில் மருந்து கொழும்பில் இருந்தது, இங்கே வராது. 2022 இல் கொழும்பிலேயே இல்லை. பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, அப்போது கொழும்பில் நின்ற இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், என்ன உதவி வேண்டும் என்று கேட்கும்படி தங்கள் தூதரிடம் சொன்னார். ஒரு நாட்டுக் கத்திரிக்கும் மயக்க மருந்துக்கும் பக்கத்து நாட்டு அமைச்சரின் டுவிட்டர் பதிவு வேண்டியிருந்தது. எனக்கு அது நன்றியும் வெட்கமும் கலந்த ஒரு நாள்.

அப்புறம் பெட்டிகள் வரத் தொடங்கின. இந்தியா ஒரு பில்லியன் டொலர் கடன் வசதி கொடுத்திருந்தது, அதில் மருந்தும் அடக்கம். பங்களாதேஷ் நன்கொடையாக மருந்து தந்தது. தமிழ்நாட்டுச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றி, அரிசி, பால்மாவுடன் 137 வகை மருந்துகளை 28 கோடி இந்திய ரூபாய்க்கு அறிவித்தது. மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களும் ஆளுக்கொரு பெட்டி அனுப்பினார்கள்.

யாரையும் குறை சொல்லவில்லை. அந்தப் பெட்டிகள் இல்லாமல் அந்த வருடத்தைக் கடந்திருக்க மாட்டோம். ஆனால் நன்கொடைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: மேசைக்கு வருவது நாங்கள் கேட்டதல்ல, கொடுப்பவரிடம் இருந்தது. ஒரு நாள் எங்களுக்கு வந்த பெட்டியொன்றில் பிரஷருக்கான லொசார்டன் குளிசை இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். நாங்கள் வழக்கமாகக் கொடுப்பது 50 மில்லிகிராம், வந்தது 25. சரி, இரண்டு குளிசை போடச் சொல்லலாம். சொன்னோம். கொப்பியில் எழுதினோம். உறையில் இரண்டு வட்டம் கீறிக் காட்டினோம். அடுத்த கிளினிக்கில் மூன்றில் ஒருவர் ஒன்றுதான் போட்டிருந்தார். இன்னொரு ஐயா பழைய வெள்ளைக் குளிசையையும் புது நிறக் குளிசையையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து, வீட்டில் மிச்சம் இருந்ததோடு சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தார். பிரஷர் இறங்கி முற்றத்தில் விழுந்து, நல்லவேளை, முழங்கைதான் உரசியது.

ஆக, தானமாக வரும் மருந்து வேறு, வாங்கும் மருந்து வேறு. எங்கள் ஊர்க் கிளினிக்குக்கு வேண்டியது மாதா மாதம் ஒரே பலத்தில், ஒரே பெயரில் வரும் குளிசை. அது வாங்குவதால்தான் வரும்.

வாங்குவது எப்படி நடக்கிறது? வெளியே இருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது. அடுத்த வருடம் எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் மதிப்பீடு அனுப்பும். கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவு அதைத் தொகுக்கும். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் டெண்டர் போடும். பதிவு செய்த கம்பனி விலை கொடுக்கும். வங்கியில் எல்.சி. திறக்கவேண்டும், அதாவது விற்பவருக்குக் காசு கிடைக்கும் என்று வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம். கப்பல், துறைமுகம், தரப் பரிசோதனை, லொறி, கடைசியில் என் அலுமாரி. இலங்கை மருந்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. 2022 இல் சங்கிலி அறுந்தது எல்.சி. என்ற கண்ணியில். டொலர் இல்லை. ஆனால் டொலர் இருந்த காலத்திலேயே வேறொரு கண்ணி இற்றுப்போய்க் கிடந்தது: சில மருந்துகளுக்கு நாங்கள் டெண்டர் போட்டால் ஒருவரும் வருவதில்லை. வருடத்துக்குச் சில நூறு குப்பிதான் வேண்டும் என்றால் எந்தக் கம்பனி அதற்காகப் பதிவுக் கோப்பு தயாரித்து, கட்டணம் கட்டி, வருடக்கணக்கில் காத்திருக்கும்? ஒருவர் வந்தால் அவர் சொன்னதுதான் விலை.

இதற்கு மருந்து என்ன என்று எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு சேர் சொல்லித்தந்தார். அப்போது பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்துவிட்டேன். 2022 இல் அது திரும்ப ஞாபகம் வந்து நித்திரையைக் கெடுத்தது.

சேர் சொன்னது பேராசிரியர் சேனக பிபிலேயின் கதை. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிவைத்து நடத்தியவர். அதற்கு முன் நாட்டுக்குள் சுமார் 2,100 வகை மருந்துகள் வந்துகொண்டிருந்தன. ஒரே மருந்துக்குப் பத்துப் பெயர், பத்து விலை. அதை 600 அளவுக்குக் குறைத்தார். கம்பனி வைத்த பெயரை விட்டு மருந்தின் பெயரில் உலகம் முழுக்க விலை கேட்டார். வாங்குபவர் ஒருவர், விற்பவர் பலர். கணக்கு அவ்வளவுதான். பெரிய கம்பனிகளும் தனியார் டொக்டர்கள் பலரும் அவரோடு மல்லுக்கு நின்றார்கள்.

அடுத்து வந்ததுதான் என் நித்திரையைக் கெடுத்த பகுதி. 1976 ஆகஸ்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு நடந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமை. எங்கள் அம்மாவுக்கு இன்றும் அந்த மாநாடு ஞாபகம், வீதிக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள் என்பார். அந்த மாநாட்டுத் தீர்மானங்களில் ஒன்று மருந்தைப் பற்றியது: வளர்முக நாடுகள் மருந்து உற்பத்தியிலும் கொள்வனவிலும் விநியோகத்திலும் ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டும். ஒரு நாட்டுக்குள் பிபிலே செய்ததை நாடுகள் சேர்ந்து செய்வது. அந்த யோசனைக்கு உலக மேடையில் கை உயர்த்தப்பட்ட இடம் எங்கள் கொழும்பு, 46 வருடம் கழித்து மயக்க மருந்துக்குக் கையேந்திய அதே நாட்டின் கொழும்பு.

பிபிலே பிறகு ஐக்கிய நாடுகளின் வேலையாக, அவர் செய்ததை மற்ற நாடுகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். 1977 செப்டெம்பர் 29 அன்று தென்னமெரிக்காவின் வட அட்லாண்டிக் கரையில் இருக்கும் கயானாவில் இறந்துபோனார். ஐம்பத்தேழு வயது. அடுத்த மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூடி முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலைத் தயாரித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

கயானாவுக்கு வடக்கே கடலில் சிறு சிறு தீவுகள் ஒரு வில் போல வளைந்து கிடக்கின்றன. சென் லூசியா, டொமினிக்கா, கிரெனடா, சென் வின்சென்ட், அன்டிகுவா, சென் கிட்ஸ், மொன்செராட், அங்குவிலா, பிரித்தானிய வேர்ஜின் தீவுகள். ஒன்பதையும் கூட்டினால் சனத்தொகை ஆறேழு இலட்சம்தான், கிட்டத்தட்ட எங்கள் யாழ்ப்பாண மாவட்டம் அளவு. மொன்செராட்டில் ஐயாயிரம் பேர் வரை. ஐயாயிரம் பேருக்கு இன்சுலின் வாங்க ஒரு நாடு தனியாக டெண்டர் போட்டால் யார் வருவார்? எங்கள் ஊர்க் கிராம அலுவலர் பிரிவுகள் சிலவற்றைச் சேர்த்து டெண்டர் போட்டது போல இருக்கும்.

அவர்கள் 1986 இல் சேர்ந்தார்கள். கிழக்குக் கரீபியன் மருந்துச் சேவை என்று பெயர், பிறகு பெயர் மாறியது. அலுவலகம் சென் லூசியாவில், ஒரு சிறு அலுவலகம். 2022 இல் இதைத் தேடித் தேடி வாசித்தபோது எனக்குப் பிடித்தது அதன் கணக்குப் புத்தகம்தான், கொள்கை அறிக்கை அல்ல. ஒவ்வொரு அரசும் தன் வருட மருந்துச் செலவில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே கிழக்குக் கரீபியன் மத்திய வங்கியில் ஒரு கணக்கில் போட்டுவைக்க வேண்டும். அலுவலகம் எல்லாருக்கும் சேர்த்து ஒரே டெண்டர் போடும். பொருள் வந்ததும் விற்றவருக்கு வங்கி வெளிநாட்டு நாணயத்தில் காசு கொடுத்துவிடும். பிறகு அரசு கணக்கை நிரப்பவேண்டும். பெரிய பொதுக் களஞ்சியம் எதுவும் இல்லை. கம்பனி நேரே அந்தந்தத் தீவுக்கு அனுப்பும். பட்டியலில் உள்ள மருந்தை எந்த அரசும் தனியாகப் போய் வாங்கக்கூடாது. அலுவலகச் செலவுக்கு வாங்கும் விலையில் ஒரு சிறு வீதம்.

2001–02 இல் அதிகம் பாவிக்கும் 20 மருந்துகளை எடுத்துப் பார்த்தபோது, தீவுகள் தனித்தனியாக வாங்கும் விலையைவிடச் சேர்ந்து வாங்கிய விலை 37 வீதம் குறைவாக இருந்தது. அளவு கூடினால் விலை குறையும், அது சந்தையில் தக்காளி வாங்கும் எவருக்கும் தெரியும். ஆனால் ஆறேழு இலட்சம் பேர் ஒன்றும் பெரிய அளவில்லை. இவ்வளவு குறைந்ததற்கு என் புரிதலில் வேறு காரணம்: காசு நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கை. எங்கள் பக்கம் வரும் கம்பனிப் பிரதிநிதிகள் வாய்விட்டே சொல்வார்கள், "மிஸ், அரசாங்கம் எப்ப தரும் எண்டு தெரியாது, அதையும் சேர்த்துத்தான் விலை போடுறம்." காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. அதை நோயாளியின் வரிப்பணம் கட்டுகிறது.

அந்தத் தீவுகளுக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது. பிரித்தானிய வேர்ஜின் தீவுகள் தவிர மற்ற எட்டுக்கும் பொது நாணயம் இருக்கிறது, 1976 முதல் ஒரு அமெரிக்க டொலருக்கு 2.70 என்று கட்டிவைத்த நாணயம். பொது மத்திய வங்கி இருக்கிறது. எங்களுக்கு அது இல்லை. வேறு வழியில் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டம் முழுவதற்கும் தடுப்பூசி வாங்க ஒரு சுழல்நிதி 1979 முதல் இயங்குகிறது, அங்கே நிதி முதலில் கொடுக்கும், நாடு 60 நாளில் திருப்பிக் கட்டும். வளைகுடா நாடுகளும் எழுபதுகளிலிருந்து சேர்ந்து வாங்குகின்றன. காசுள்ளவனும் சேர்ந்து வாங்குகிறான், அதையும் கவனிக்கவேண்டும்.

கரீபியனை ஒரு சொர்க்கமாகக் காட்டவில்லை. அங்கேயும் அரசுகள் கணக்கை நிரப்பப் பிந்துகின்றன. எவ்வளவு வேண்டும் என்ற மதிப்பீடு பிழைக்கிறது. பெயரும் பலமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக ஒன்பது நாட்டு டொக்டர்கள் உட்கார்ந்து ஒரே மருந்துக் கையேட்டுக்கு ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது லேசான காரியமில்லை. ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே இரண்டு ஆலோசகர்கள் ஒரு பிரஷர் குளிசையில் ஒத்துப்போவதை நான் கண்டது குறைவு.

சரி, எங்கள் பக்கம் ஏன் நடக்கவில்லை? தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு இருக்கிறது. சார்க் உணவு வங்கி என்று ஒன்றுகூட இருக்கிறது. ஆனால் 2014 காத்மண்டுவுக்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை. கோவிட் தொடங்கிய 2020 மார்ச்சில் தலைவர்கள் காணொளியில் கூடி ஓர் அவசர நிதி அறிவித்தார்கள், இந்தியா 10 மில்லியன் டொலர் தருவதாகச் சொன்னது. அதற்கு மேல் அது மருந்துக் கொள்வனவாக வளரவில்லை. இந்தியா–பாகிஸ்தான் என்று எல்லாரும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இன்னொன்று படுகிறது. கரீபியன் தீவுகள் ஒன்பதும் வாங்குபவர்கள். எங்கள் வட்டத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பது உலகத்துக்கே குளிசை விற்கும் கடைக்காரர், இந்தியா. கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு வாடிக்கையாளர் சங்கம் அமைக்க முடியாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். தமிழ்நாட்டுக்கு யாருடனும் சேரவேண்டிய தேவையும் இல்லை, ஏழு கோடிக்கு மேல் சனம், 1995 முதல் தன் மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கழகம் மூலம் வாங்குகிறது. எங்களையொத்தவர்கள் மாலைதீவும் பூட்டானும் நேபாளமும். மாலைதீவில் சுமார் ஐந்து இலட்சம் பேர், பூட்டானில் எட்டு இலட்சத்துக்கும் குறைவு. சேரவேண்டியது அவர்களோடு.

சேர்ந்து வாங்கினால் இன்னொரு நன்மை, அதைச் சொல்ல வாய் கூசுகிறது. 2023 இல் எங்கள் நாட்டுக்குப் போலி இம்யூனோகுளோபியூலின் ஊசி வாங்கப்பட்ட விவகாரம் வெளிவந்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரைக் கைது செய்தார்கள். அவசரம் என்று சொல்லிப் பதிவைத் தாண்டி வாங்கும் வாசல் ஒன்று எப்போதும் திறந்திருந்தது. நாலு நாடு சேர்ந்த ஒரு மேசையில் அந்த வாசலால் நுழைய நாலு பேர் கண்ணை மூடவேண்டும்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், பாம்புக்கடி மருந்தில் என்பேன். எங்கள் ஆஸ்பத்திரியில் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் இருக்கும். ஒரு புடையன் கடிக்குத் தொடக்கத்திலேயே 20 குப்பி. ஒவ்வொரு குப்பியிலும் அடியில் கட்டிய வெள்ளைத் தூள். பத்து மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு மெல்லச் சுழற்றவேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். நடுச்சாமத்தில் வயலால் தூக்கிக்கொண்டு வந்த மனிதர் கட்டிலில் கிடக்க, மிஸ்ஸிமார் இருவர் எதிரும் புதிருமாக நின்று இருபது குப்பியைச் சுழற்றுவதைப் பார்த்தால் தெரியும், ஒவ்வொரு குப்பியும் என்ன பெறுமதி என்று.

அந்த மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அதற்கான நஞ்சில் பெரும் பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. 1978 இல் தொடங்கிய சங்கம். இருளர் ஒருவர் தமிழ்நாட்டு வரப்பில் பிடித்த பாம்பின் நஞ்சு சுற்றி வந்து எங்கள் வயற்காரரைக் காப்பாற்றுகிறது. நாகம், புடையன், கட்டுவிரியன், சுருட்டை நான்குக்கும் அது. ஆனால் இலங்கையில் ஆட்களை அதிகம் கடிப்பது இன்னொன்று, மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியன். அதற்கு இந்த மருந்து கேட்காது. சேர்ந்து வாங்கு, எல்லாருக்கும் ஒரே பட்டியல் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதற்கு இது ஒரு கொட்டு. பாம்பு பட்டியலைப் பார்த்துக் கடிப்பதில்லை. சேர்ந்து வாங்குவது போதாத இடத்தில் சேர்ந்து செய்விக்க வேண்டும்.

நஞ்சுமுறி மருந்துகளில் தாய்லாந்துக்காரர் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். 2006 மார்ச்சில் அங்கே 'நான்' என்ற பெயருள்ள மாகாணத்தில் ஒரு கோயில் விழாவில் தகரத்தில் அடைத்த மூங்கில் குருத்துச் சாப்பிட்டு இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்கு பொட்டுலிசம் என்ற உணவு நஞ்சு நோய் வந்தது. முறிமருந்து நாட்டில் இல்லை. பிரித்தானியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விமானத்தில் வந்தது. அந்தச் சூட்டில் பாடம் படித்து, தங்களுக்கென்று முறிமருந்துக் கையிருப்புத் திட்டம் வைத்தார்கள். இப்போது தென்கிழக்காசியப் பிராந்திய நாடுகள் சேர்ந்து முறிமருந்து வாங்கும் முயற்சியும் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கிறது, இலங்கையும் அந்தப் பிராந்தியத்தில்தான். வருடத்துக்குப் பத்துக் குப்பி தேவைப்பட்டு எட்டுக் குப்பி காலாவதியாகும் மருந்துகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

போன கிழமை அடுத்த வருட மதிப்பீடு நிரப்பினேன். கணினித் திரையில் வரிசை வரிசையாக மருந்துகள், பக்கத்தில் போன வருடம் பாவித்த அளவு, அதற்குப் பக்கத்தில் வெற்றுக் கட்டம். பாம்புக்கடி மருந்துக்கு வந்தபோது களஞ்சியத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"எவ்வளவு போடுவம்?"

"பாவிச்சதைவிட அரைவாசி கூட்டிப் போடுங்கோ அக்கா. எப்பிடியும் வெட்டுவாங்கள்."

அதுதான் வழமை. எல்லா ஆஸ்பத்திரியும் கூட்டிப் போடும், வெட்டுவார்கள் என்று தெரிந்து. கொழும்பு வெட்டும், கூட்டிப் போடுவார்கள் என்று தெரிந்து. கரீபியன்காரரின் மதிப்பீடு பிழைத்ததை வாசித்தபோது சிரித்தவள், கட்டத்தில் அரைவாசி கூட்டிய எண்ணைத்தான் அடித்தேன். பிறகு அழித்துவிட்டு மழைக்கால வயல் கடிகளைப் பதிவேட்டில் ஒவ்வொன்றாக எண்ணினேன். அதற்கு மத்தியானம் வரை சென்றது. தம்பி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன அக்கா, உண்மையைப் போடப் போறியளோ?" என்று கேட்டான்.